'அஞ்சா' என்றால் உட்காரு!

என் மைத்துனனுக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகக் கம்பெனியில் வேலை. அங்கே ஆபீஸராக இருந்த கொரியாக்காரர் ஊர் திரும்பும்போது இவனிடம் ஒரு டாஷ்ஹண்ட் நாயை விட்டுப் போனார். பார்த்திருப்பீர்கள். உடம்பை இழுத்து நீட்டிவிட்டு, கால் வைக்கும்போது மட்டும் ஸ்டாக் தீர்ந்து போனாற்போல் இருக்குமே, அதுதான்.

"மாமா, இந்த மாசம் எனக்கு நைட் ஷிஃப்ட். ஜிம்மியை நீங்க பார்த்துக்குங்க. வீட்ல சும்மாதானே இருக்கீங்க?" என்றான். பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவனைப் பற்றி மாமனார் வீட்டு அபிப்பிராயம் அது.

ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்கு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் வாரத்திலேயே ஒரு ஜோடி ஷூ, ஒரு தலையணை, கரண்ட் பில் கார்டு மூன்றும் காலி. பி.காம். படித்தவன் என்பதால் எல்லாவற்றையும் பற்று எழுதினேன். வரவுப் பக்கம் குரைப்பு மட்டும்தான். ஹவுஸ் ஓனர் மாடியேறி வந்தார். "ஒரு வாரம் டயம் தம்பி. நாய் போகணும், இல்லேன்னா நீங்க போகணும்."

மைத்துனனுக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ரூமுக்குத் திரும்பினா, வந்துட்டியான்னு கேக்க அது ஒண்ணுதான் மாமா இருக்கு" என்றான்.

ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். "படி ஏறி இறங்க விட்டா களைச்சுப் போய்த் தூங்குமா டாக்டர்?"

"முதுகை உடைக்கப் போறீங்களா?" என்று சீறினார்.

இந்த ஜாதிக்குக் குட்டைக் கால் பிறவி அமைப்பு. அதே கோளாறால் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் சின்ன வயதிலேயே இறுகிவிடுமாம். கட்டிலிலிருந்து ஒரு தடவை ஏடாகூடமாகக் குதித்தால் போதும், அது பிதுங்கி நரம்பை அழுத்தி, பின்னங்கால்கள் செயலிழக்கலாம். அதற்காக உட்கார்த்தி வைத்துச் சோறு போட்டாலும் வம்பு; தொப்பை விழுந்தால் அந்த பாரமும் முதுகுக்குத்தான். ஆக, தினமும் இரண்டு வேளை நடை. படியில் மட்டும் தூக்கல்: ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் வார்.

"அது வேலை இல்லாம குரைக்குது சார்" என்றார். ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர், வளை தோண்டி வாழும் ஒரு பிராணி. 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்குள் புகுந்து பேட்ஜரை எதிர்க்க உருவாக்கிய ஜாதி. (1972 மியூனிக் ஒலிம்பிக்ஸின் சின்னமே 'வால்டி' என்கிற டாஷ்ஹண்ட்தான். மாரத்தான் ரூட்டைக்கூட அந்த நாயின் வடிவத்தில் போட்டார்கள்!) அப்பேர்ப்பட்ட வேட்டைக்காரனைப் பத்துக்குப் பத்து அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னால்?

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கழுத்தில் ஐ.டி. கார்டோடு தூங்குகிறவர்களைச் சுமந்தபடி கம்பெனி பஸ்கள் போகும் நேரம். வெயில் ஏறினால் கண்டெய்னர் லாரியோடு தார் ரோடும் எதிரி. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ண முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். அதற்கு ஷூ கிடையாது. இருந்த என் ஷூவையும் தின்றாகிவிட்டது. முதலில் தரதரவென்று இழுத்தேன். பிறகு அதன் போக்கில் மோப்பம் பிடிக்க விட்டேன். ஒரு கம்பத்துக்கு மூன்று நிமிஷம், நாம் டீக்கடையில் பேப்பர் படிக்கிற மாதிரி. வீடு திரும்பியதும் குறட்டை!

பகலுக்கு மனைவியின் பணியாரக் கல்லைக் கிளப்பினேன். குழிக்குள் நாலு தீனி, மேலே ரப்பர் பந்து. மூக்கால் பந்தைத் தள்ளி ஒவ்வொரு குழியாக வசூல் பண்ணியது. அப்புறம் அட்டைப் பெட்டி நிறையப் பழைய வாரப் பத்திரிகைகளைக் கசக்கிப் போட்டு, அடியில் பிஸ்கட். என் கட்டுரை வந்த பக்கத்தைத்தான் முதலில் கிழித்தது.

ஒரே ஒரு சிக்கல். 'உட்காரு' என்றாலும் 'ஸிட்' என்றாலும் சுவரைப் பார்த்தது. மைத்துனனைக் கேட்டேன். "அதுக்குக் கொரியாதான் தெரியும் மாமா. 'அஞ்சா'ன்னு சொல்லுங்க." சொன்னேன். டபக்கென்று உட்கார்ந்தது! அன்றிலிருந்து தமிழ் வகுப்பு. முதலில் 'உட்காரு', உடனே 'அஞ்சா', அப்புறம் தீனி. வேளைக்கு ஐந்து நிமிஷம்தான். அதற்கு மேல் வாத்தியாருக்கே கொட்டாவி வந்தது. நாலாம் நாள் 'அஞ்சா' தேவைப்படவில்லை.

எட்டாம் நாள் ஹவுஸ் ஓனர் வந்தார். "என்ன தம்பி, அனுப்பிட்டீங்களா? சத்தமே காணோமே?"

ஜிம்மி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தது. பதற்றத்தில் "உட்காரு!" என்று கத்தினேன். ஜிம்மி உட்கார்ந்தது. பக்கத்து நாற்காலியில் அவரும் உட்கார்ந்துவிட்டு, "என்னையா சொன்னீங்க?" என்றார்.

காபியோடு ஏதாவது கொடுக்கலாம் என்று மனைவி உள்ளே போனாள். பணியாரக் கல்லைத் தேடுகிற சத்தம் கேட்டது.