டாங்கிக்கு எந்த எரிபொருள்?

பெட்ரோல் டாங்கி தீப்பிடித்து எரியும், டீசல் டாங்கி தப்பித்துவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிப் பொறி பட்டவுடன் பற்றும். டீசலின் ஆவி பற்ற 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கிகள் கொழுந்துவிட்டு எரிந்ததற்கு முக்கியக் காரணம் உள்ளே அடுக்கியிருந்த குண்டுகள். அவற்றை டாங்கியின் அடித்தளத்துக்கு இறக்கி, சுற்றிலும் நீர்ப்பெட்டிகள் வைத்ததும் தீ வெகுவாகக் குறைந்தது.

டீசலின் நிஜமான பலம் சிக்கனம். சோவியத்தின் டி-34 டாங்கியில் 12 சிலிண்டர், 500 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். ஆனால் ஒரு சிக்கல்: டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது; காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் எரிபொருள் பற்றும். ரஷ்யப் பனியில் அந்தச் சூடு எளிதில் வராது, பேட்டரியும் சோர்ந்துவிடும். அதற்காகவே ஓட்டுநருக்கு முன்னால் அழுத்தக் காற்று உருளைகள் இருந்தன. வால்வைத் திறந்தால் காற்றே பிஸ்டன்களைத் தள்ளி எஞ்சினைச் சுழற்றும்.

டீசல் இவ்வளவு நல்லதென்றால் ஜெர்மனி ஏன் தன் டைகர், பாந்தர் டாங்கிகளுக்குப் பெட்ரோல் எஞ்சின் வைத்தது? நிலக்கரியிலிருந்து அந்நாடு செயற்கையாகத் தயாரித்ததில் பெட்ரோலே அதிகம். டீசல் நீர்மூழ்கிகளுக்குப் போனது. அமெரிக்கத் தரைப்படையும் பெட்ரோலையே வைத்துக்கொண்டது. டீசல் ஷெர்மன்கள் பெரும்பாலும் பிரிட்டனுக்கும் சோவியத்துக்கும், கப்பற்படையோடு டீசலைப் பகிர்ந்துகொண்ட மரைன் படைக்கும் சென்றன. எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது பொறியாளர் மட்டுமல்ல, எரிபொருள் லாரியும்தான்.

‘கிடைப்பதை ஊற்று, ஓடட்டும்’ என்று நேட்டோ ஆசைப்பட்டதன் விளைவு, பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் வந்த லேலண்ட் எல்60 எஞ்சின். பல எரிபொருள்களில் ஓடும் என்றார்கள். ஓடியதைவிடப் படுத்ததுதான் பேசப்பட்டது. சென்னைக்கு அருகே ஆவடியில் தயாரான விஜயந்தாவிலும் இதே எஞ்சின்தான்.

அந்த ஆசையை நிறைவேற்றியது அமெரிக்காவின் ஏப்ரம்ஸ். அதன் கேஸ் டர்பைன் டீசல், விமான எரிபொருள், பெட்ரோல் எதையும் ஏற்கும். ஹெலிகாப்டருக்குப் போடுவதையே இதற்கும் போடலாம். விலை? சும்மா நிற்கும்போதும் குடித்துக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 1,900 லிட்டர் கொள்ளும் ஏப்ரம்ஸ் 425 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் போகும். அதே 1,500 குதிரைத்திறனுள்ள ஜெர்மன் லெப்பர்ட்-2, சுமார் 1,200 லிட்டர் டீசலில் அதைத் தாண்டிவிடும்.

இந்தியாவின் அர்ஜுனில் இருப்பது ஜெர்மனியின் 1,400 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். 2024 மார்ச்சில் மைசூரு பெமல் ஆலையில் 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு டாங்கி எஞ்சின் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. அதுவும் டீசல்தான்.