கூரைக்குள் டென்னிஸ்: காற்று நின்றால் ஆட்டம் எப்படி மாறுகிறது?

2025ஆம் ஆண்டின் முடிவில் ஆடவர் டென்னிஸ் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் ஸ்பெயினின் கார்லோஸ் அல்காரஸ். ஆனால் அந்த ஆண்டின் கடைசி வாரங்களில் வியன்னா, பாரிஸ், டூரின் என்று மூன்று ஒற்றையர் பட்டங்களை அடுத்தடுத்து அள்ளியவர் இத்தாலியின் யானிக் சின்னர். நவம்பர் 16 அன்று டூரினில் நடந்த இறுதி ஆட்டத்தில் அல்காரஸையே 7-6, 7-5 என்று வீழ்த்தினார். மூன்று போட்டிகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றுமே உள்ளரங்கில், கூரைக்குக் கீழே நடந்தவை.

கூரை என்பது மழைக்குப் பாதுகாப்பு மட்டும்தானே, அதனால் ஆட்டம் எப்படி மாறும் என்ற கேள்வி எழலாம். இதற்கான விடையைக் காற்றுக்குப் பேர் போன சங்கரன்கோவில் வட்டாரத்தில் இருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

காற்றின் கணக்கு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊரில் வெறும் பழமொழி இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேரும் அந்த நாட்களில் திறந்த மைதானத்தில் ஒருவர் டென்னிஸ் ஆடினால் என்ன ஆகும்?

சர்வ் போடுபவர் பந்தைத் தலைக்கு மேலே எறிகிறார். அது உச்சிக்குப் போய் இறங்குவதற்குள் காற்று அதை ஒரு சாண் தள்ளிவிடுகிறது. அவர் கையை நீட்டியோ, இடுப்பை வளைத்தோ அந்தப் பந்தைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். இல்லையென்றால் அடிக்காமல் விட்டு மறுபடி எறிய வேண்டும். எதிர்க்காற்றில் அடித்த பந்து நடுவிலேயே வேகம் இழக்கும்; பின்காற்றில் அடித்தது கோட்டைத் தாண்டி ஓடும். அதனால் அனுபவசாலிகள் கோட்டை ஒட்டி அடிப்பதை விட்டு, நாலடி உள்ளே தள்ளிப் பாதுகாப்பாக அடிப்பார்கள். இடம் மாறும்போது வெயிலும் கண்ணில் குத்தும்.

உள்ளரங்கில் இவை எதுவும் இல்லை. எறிந்த பந்து எறிந்த இடத்திலேயே இறங்கும். ஒளி எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஆகவே சர்வ் கூர்மையாகிறது. கோட்டை ஒட்டி அடிக்கும் துணிச்சல் வருகிறது. பந்து மட்டையில் படும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்கிறது. ரேலிகள் சுருங்குகின்றன. ஒரு தவறு செய்தால் காற்றைச் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது.

பலத்த சர்வ் உள்ளவருக்கு மட்டுமே உள்ளரங்கம் கைகொடுக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். பந்தை முன்கூட்டியே, சரியான நொடியில் சந்திக்கத் தெரிந்தவருக்கும் அது சொர்க்கம். சின்னரின் பலம் அதுதான். நம் முன்னாள் வீரர் ரமேஷ் கிருஷ்ணனின் பலமும் அதுவே.

ஆடுகளம் எப்படி உருவாகிறது?

பெரும்பாலான உள்ளரங்கப் போட்டிகள் டென்னிஸுக்கென்றே கட்டிய இடங்களில் நடப்பதில்லை. இசை நிகழ்ச்சிக்கும் கூடைப்பந்துக்கும் பயன்படும் பெரிய அரங்குகளைப் போட்டிக்காகச் சில நாட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தரையில் மரப் பலகைகளை இறுகப் பூட்டி, அதன்மேல் அக்ரிலிக் பூச்சு அடிக்கிறார்கள். அந்தப் பூச்சில் கலக்கும் மணல்தான் ஆட்டத்தின் வேகத்தை முடிவு செய்கிறது. மணல் சொரசொரப்பாக இருந்தால் பந்து தரையைப் பற்றி மெதுவாக எழும். மணல் குறைந்தால் வழுக்கிக்கொண்டு பாயும். முன்பெல்லாம் கம்பள விரிப்பின் மீதும் ஆடினார்கள். 2009 முதல் ஆடவர் தொழில்முறைச் சுற்றான ஏ.டி.பி.யில் அது கைவிடப்பட்டது.

கூரைக்கென்று ஒரு விதியும் உண்டு. அடித்த பந்து தரையைத் தொடும் முன் கூரையிலோ விளக்கிலோ பட்டால், அடித்தவர்தான் புள்ளியை இழப்பார். அதனால்தான் வலைக்கு மேலே குறைந்தது 9 மீட்டர் உயரமாவது வேண்டும் என்கிறார்கள்.

எந்த மாதங்களில், எத்தனை பேர்?

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெளியே ஆட முடியாத குளிர்காலம்தான் உள்ளரங்கப் பருவம். பிப்ரவரியில் ராட்டர்டாம், மோன்பெலியே, டல்லாஸ், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வியன்னா, பாசெல், பாரிஸ், ஸ்டாக்ஹோம், கடைசியாக டூரினில் ஆண்டிறுதிப் போட்டி. பட்டம் வென்றால் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகளை வைத்தே போட்டிகளை 250, 500, 1000 என்று அழைக்கிறார்கள். ஸ்டாக்ஹோம் 250, வியன்னா 500, பாரிஸ் 1000.

250 நிலைப் போட்டியில் பொதுவாக 28 பேர் ஆடுவார்கள். முதல் நான்கு தரநிலை வீரர்கள் நேரடியாக இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். மற்றவர்கள் கோப்பையைத் தொட ஐந்து ஆட்டங்களை வெல்ல வேண்டும். தகுதிச்சுற்றில் ஜெயித்து வருபவர்களும், அமைப்பாளர்கள் தரும் வைல்டு கார்டில் நுழைபவர்களும் இந்த 28 பேரில் அடக்கம். டூரினில் எட்டே பேர். இரண்டு குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொருவரும் முதலில் மூன்று ஆட்டங்கள் ஆடுவார்கள்.

250 நிலைக்கு அடுத்த கீழ்ப்படி சேலஞ்சர் போட்டிகள். நம் நாட்டு வீரர்கள் பெரும்பாலும் நிற்கும் படி இது. குளிர்காலத்தில் ஐரோப்பிய சேலஞ்சர்களில் பல கூரைக்குள்தான் நடக்கின்றன. கிராண்ட்ஸ்லாம்களையும் இப்போது கூரை விட்டுவைக்கவில்லை. மெல்போர்ன், விம்பிள்டன், நியூயார்க், பாரிஸ் என்று நான்கு இடங்களிலும் மைய அரங்குக்கு மூடும் கூரை வந்துவிட்டது. மழை வந்தால் கூரை மூடும். அந்த நொடியே வேறொரு ஆட்டம் தொடங்கிவிடும்.

தமிழர்கள் கூரைக்குள் கண்டது

நம் டென்னிஸ் மரபு புல்தரையில் வளர்ந்தது. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். சென்னையின் விஜய் அமிர்தராஜும் புல்லில் பேர் பெற்றவர்தான். ஆனாலும் 1976இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர உள்ளரங்கில் ஸ்டான் ஸ்மித்தை வீழ்த்திப் பட்டம் வென்றார். ராமநாதனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1984இல் பிரான்சின் மெட்ஸ் நகரில் ஸ்வீடனின் யான் குன்னர்சனை 6-3, 6-3 என்று தோற்கடித்து உள்ளரங்கப் பட்டம் பெற்றார். ரமேஷின் சர்வ் யாரையும் மிரட்டியதில்லை. பந்தைத் தொட்டு நகர்த்தும் நளினம்தான் அவர் ஆயுதம். காற்றில்லாத இடத்தில் அது இன்னும் துல்லியமாகும்.

அதே கூரை நம்மை அடித்தும் இருக்கிறது. நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் ஆடுதளத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சொந்த மண்ணில் ஆடும் நாட்டுக்கு உண்டு. 1987இல் இந்தியா சிட்னியின் புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று சாய்த்து இறுதிக்குப் போனது. கோத்தன்பர்க் நகரில் காத்திருந்த ஸ்வீடன், பனி ஹாக்கி நடக்கும் ஸ்காண்டிநேவியம் அரங்குக்குள் களிமண் தரையைப் போட்டது. புல்லும் இல்லை, வெயிலும் இல்லை. முதல் நாள் ரமேஷ் மாட்ஸ் வில்லாண்டரிடமும், விஜய் ஆந்தர்ஸ் யாரிட்டிடமும் நேர் செட்களில் தோற்றார்கள். முடிவு 5-0. 2024 செப்டம்பரில் ஸ்டாக்ஹோம் உள்ளரங்கில் கோவையின் ஸ்ரீராம் பாலாஜியும் சென்னையின் ராம்குமார் ராமநாதனும் ஒற்றையரில் தோற்க, ஸ்வீடன் 4-0 என்று வென்றது.

அடுத்த ஆண்டே கதை மாறியது. 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகர உள்ளரங்கில் இந்தியா 3-1 என்று வென்றது. 1993இல் பிரான்சை வீழ்த்திய பிறகு, ஐரோப்பிய மண்ணில் ஓர் ஐரோப்பிய அணியை இந்தியா வென்றது அதுவே முதல் முறை. முதல் ஆட்டத்தில் சுவிஸ் வீரர் ஜெரோம் கிம்மை 7-6, 6-3 என்று சாய்த்தவர், டேவிஸ் கோப்பையில் முதன்முறையாக இறங்கிய மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ். தரவரிசையில் தன்னைவிடப் பல நூறு இடங்கள் முன்னே இருந்தவரைச் சுவிஸ் ரசிகர்கள் நடுவே அவர் வென்றார்.

நெடிய உயரமும் அதற்கேற்ற சர்வும் அவருக்கு உண்டு. ஆனால் அவர் எங்கே வளர்ந்து தேறினார் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர் அவர். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் குளிர்கால ஆட்டங்கள் கூரைக்குள் நடக்கும். உள்ளரங்கத்துக்கென்றே தேசியப் போட்டியும் உண்டு. உள்ளரங்க ஆட்டத்துக்கு அது தனிப் பள்ளி. அப்படியொன்று நம் பக்கத்தில் இல்லை.

நமக்கு என்ன தடை?

இடமும் உயரமும்தான். இறகுப்பந்துக்கு நம் சிறு நகரங்களில்கூடக் கூரை போட்டுவிட்டோம். அந்த ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். டென்னிஸ் ஆடுகளமோ 23.77 மீட்டர் நீளம்; ஓடி ஆடும் இடத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 36.5 மீட்டர் நீளமும் 18.3 மீட்டர் அகலமும் தேவை. நடுவில் தூண் நிற்கக்கூடாது. ஏ.டி.பி. போட்டியான சென்னை ஓபன் 1997 முதல் 2017 வரை நடந்த நுங்கம்பாக்கம் மைதானமும் திறந்தவெளிதான்.

டூரின் போன்ற குளிரூட்டிய அரங்கு நமக்குத் தேவையில்லை. உயரமான இரும்புக் கூரை, பக்கவாட்டில் காற்றைத் தடுக்கும் அரைச்சுவர், சூடு வெளியேற மேலே திறப்பு, கண் கூசாதபடி ஆடுகளத்தின் ஓரங்களில் விளக்கு. இவ்வளவு இருந்தால் போதும். ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் பிள்ளைகள் தடையில்லாமல் பழகலாம். அதே கூரைக்குள் கைப்பந்தும் கபடியும் நடத்தலாம்.

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளிலும் சிறு விளையாட்டரங்கம் அமைக்க அரசு திட்டம் அறிவித்தது. அவற்றில் தென் மாவட்டங்களுக்கு ஒன்றையாவது டென்னிஸ் அளவுக்குக் கூரையிட்டுக் கட்ட வேண்டும். காற்றுக்குப் பேர் போன இந்த வட்டாரத்துக்கு அந்தக் கூரையைக் கேட்கும் நியாயம் அதிகம். மதுரைப் பையன் ஒருவர் அமெரிக்கா போய்ப் பழகி வந்து ஐரோப்பாவில் வென்று காட்டிவிட்டார். அடுத்தவர் அந்தப் பழக்கத்தைச் சொந்த ஊரிலேயே பெற வழி செய்வது, விளையாட்டுத் துறையின் கையில் இருக்கிறது.