கணையாழியும் சாளர ஒளியும்

எலகெரப் பகுதியில் நீலக்கல் கிடைப்பதை நாம் அறிவோம். அத்தகைய கல் பதித்த நிச்சயதார்த்த மோதிரத்தை வீட்டிலேயே படம்பிடிப்பது எவ்வாறு? மெருகேற்றிய பொன் ஒரு கண்ணாடி. எதிரே இருக்கும் கூரையையும் படம் எடுப்பவர் முகத்தையுமே அது காட்டும். ஆகவே மோதிரத்தைச் சூழ்ந்துள்ள ஒளியையே முதலிற் செம்மைப்படுத்த வேண்டும்.

1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கரெட் கமரோன் அம்மையார், முன்னர் இங்கிலாந்தில் கோழிக்கூட்டையே படப்பிடிப்புக் கூடமாக்கி, இயற்கை ஒளியிலே புகழ்மிக்க படங்களை எடுத்தார். நமக்கு ஒரு சாளரம் போதும்.

சாளரத்தில் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு வெயிலைத் தணியுங்கள். மஞ்சள் மின்விளக்கை அணையுங்கள். அது நீலத்தின் மெய்ந்நிறத்தைத் திரிக்கும். தாம்பாளத்து வெற்றிலைமேல் மோதிரத்தை வைத்து, நிழற்புறத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை நிறுத்துங்கள். கைத்தொலைபேசியைப் புத்தக அடுக்கின்மேல் அசையாது வையுங்கள். மிக நெருங்கினால் உருவம் மங்கும்.

முடை வரும்போது மோதிரம் அடகுக்கடைக்குப் போவதும், மீளாதிருப்பதும் நம் குடும்பங்களில் உண்டு. அந்நாளில் அப்பொருளின் அடையாளமும் மணஉறுதி செய்த நன்னாளின் நினைவும் படத்திலேதான் எஞ்சும். ஆதலால் அழகினும் உண்மையே அதில் முதன்மை பெறட்டும்.