விளையாட்டுத் தளம்: அளவும் தரையும் – முதல் போடுமுன் அறிய வேண்டியவை

பஞ்சும் நூலும் மருத்துவத் துணியும் புழங்கும் இராஜபாளையத்திலும் சரி, பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சரி, சரக்கில்லாத கிடங்கு, ஆள் வராத மனை என்று சொத்து முடங்கிக் கிடப்பது வணிகர்களாகிய நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட இடத்தை விளையாட்டுத் தளமாக்கி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் நல்ல எண்ணமே. ஆனால் கடை நொடித்தால் பலகையை மாற்றி வேறு கடை வைக்கலாம். தளம் அப்படியல்ல. அளவு தவறினாலும் தரை வெடித்தாலும் இடித்துத்தான் திருத்த வேண்டும். ஆகவே உறுப்பினர்களின் கவனத்திற்குச் சில விவரங்களைத் தருகிறோம். சிமெண்ட், பெயிண்ட், ஹார்டுவேர் வியாபாரம் செய்வோர் வாடிக்கையாளருக்கு யோசனை சொல்லவும் இவை உதவும்.

முதலில் அளவு

கோட்டுக்குள் இருக்கும் அளவு வேறு, உண்மையில் தேவைப்படும் இடம் வேறு. ஓடி வருபவர் நிற்கச் சுற்றிலும் இடம் வேண்டும். இதை மறந்து, கோட்டின் அளவுக்கே சுவர் எழுப்பினால் ஆடுபவர் சுவரில் மோதுவார்.

இறகுப்பந்து: கோட்டளவு 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர் (44 அடிக்கு 20 அடி). சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 57 அடிக்கு 33 அடி, அதாவது சுமார் 4.3 செண்ட்.

கைப்பந்து: 18-க்கு 9 மீட்டர். சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் விட வேண்டும் என்பது விதி. ஆக 79 அடிக்கு 49 அடி, சுமார் 9 செண்ட்.

கூடைப்பந்து: 28-க்கு 15 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் சேர்த்தால் 105 அடிக்கு 62½ அடி, சுமார் 15 செண்ட்.

டென்னிஸ்: கோட்டளவு 78 அடிக்கு 36 அடி. ஓடும் இடம் சேர்த்து 120 அடிக்கு 60 அடி, சுமார் 16½ செண்ட்.

கபடி: ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8 மீட்டர். தஞ்சையில் பிறந்த பூப்பந்துக்கு 24-க்கு 12 மீட்டர். இவ்விரண்டுக்கும் சுற்றுவெளி தனி.

கோடு போட்டதும் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். இறகுப்பந்துக்கு 14.72 மீட்டர், கைப்பந்துக்கு 20.12 மீட்டர், கூடைப்பந்துக்கு 31.76 மீட்டர் வர வேண்டும். இரு குறுக்களவும் ஒத்து வராவிட்டால் தளம் கோணலாக இருக்கிறது என்று பொருள்.

உயரமும் திசையும்

பழைய கிடங்கை மாற்றுவோர் தடுமாறும் இடம் இதுதான். கைப்பந்துக்குத் தரையிலிருந்து 7 மீட்டர், அதாவது 23 அடி, உத்தரம், விளக்கு எதுவும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். இறகுப்பந்துக்கு 30 அடி இருப்பது நல்லது. 18 அடிக் கூரையுள்ள கிடங்கில் பந்து உத்தரத்தில் தட்டும். ஒருமுறை வந்தவர் மறுமுறை வரமாட்டார். அத்தகைய கிடங்கை மேசைப்பந்துக்கு ஒதுக்குவதே லாபம். இறகு வெள்ளை நிறம் என்பதால் இறகுப்பந்துக்கூடத்தின் சுவருக்கு வெள்ளையடிக்கக் கூடாது. அடர் பச்சையோ நீலமோ பூசலாம்.

திறந்தவெளித் தளத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக அமைய வேண்டும். இல்லையேல் காலை மாலை வெயில் ஆடுவோர் கண்ணில் அடிக்கும். ஆட்டத்துக்கு ஆள் சேருவதும் அந்த நேரத்தில்தான்.

மண்ணைப் பார்த்துத் தரை

நம் பகுதியில் மலையடிப் பக்கம் செம்மண்ணும், கிழக்கே போகப் போகக் கரிசலும் உண்டு. கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகக் கான்கிரீட் போட்டால் ஓரிரு பருவத்தில் விரிசல் விழும். கரிசலைத் தோண்டி அப்புறப்படுத்தி, கிராவல் கொட்டி, அரையடிக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

மண் தரை: கபடி, பூப்பந்து, கைப்பந்துக்கு ஏற்றது. செலவு குறைவு, முழங்காலுக்கும் நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருமானம் நின்றுவிடும்.

கான்கிரீட்டும் அக்ரிலிக் பூச்சும்: கூடைப்பந்து, டென்னிஸுக்குப் பரவலாகப் போடுவது. கூடைப்பந்துத் தளம் முழுவதற்கும் 4 அங்குலக் கனம் போட்டால் சுமார் 2,190 கன அடி கான்கிரீட் பிடிக்கும். அங்குலம் கூடினால் 547 கன அடி கூடும். கான்கிரீட் போட்டு 28 நாள் கழியாமல் பூச்சு வேலையைத் தொடங்கக் கூடாது. அவசரப்பட்டால் பூச்சு கொப்புளிக்கும். தண்ணீர் வடிய 100 அடிக்கு 1 அடி வாட்டம் ஒரே பக்கமாக இருக்கட்டும். திறந்தவெளிக் கைப்பந்துத் தளத்துக்கு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் வாட்டத்தை விதி அனுமதிக்கிறது.

பிவிசி விரிப்பு: இறகுப்பந்துக்கூடத்துக்கு ஏற்றது. அடித்தரையில் ஈரம் இருந்தால் விரிப்பு உப்பிவிடும். மூன்றடிப் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, ஒருநாள் விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் விரிப்பு வாங்கும் காசு வீண்.

மரத்தளம்: கால்களுக்கு மிகவும் இதமானது. விலை அதிகம், கரையான் பயமும் உண்டு. கூரை ஒழுகும் கட்டடத்தில் இதை நினைக்கவே வேண்டாம்.

கபடி மெத்தை: 2014-ல் புரோ கபடி தொடங்கிய பிறகு மெத்தையில் பழக விரும்பும் பிள்ளைகள் பெருகியுள்ளனர். சமதளமான பழைய கிடங்குக்கு இது பொருந்தும்.

வெறும் சிமெண்ட் தரையில் மட்டும் சிறுவர்களைத் தினமும் ஆடவிடாதீர்கள். குதித்து இறங்கும் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும். வாடகை வாங்குகிற நமக்கு அந்தப் பொறுப்பும் உண்டு.

முடிவாக

ஒப்பந்தக்காரரிடம் கனம், வாட்டம், பூச்சு எத்தனை முறை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பகுதித் தொகையை, ஒரு மழைக்காலம் கண்ட பிறகு தருவதாகப் பேசி முடியுங்கள். உள்ளாட்சி அனுமதியையும் முன்கூட்டியே பெறுங்கள். சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்குண்டு. தரையையும் அப்படியே பார்ப்போமாக!