தார் மாதிரி கறுப்பா மலம் போகுதா? ஆபரேஷன் இல்லாமலே ரத்தக்கசிவை நிறுத்தும் எண்டோஸ்கோபி!

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 75 கிலோமீட்டர். ரத்த வாந்தி எடுத்தவரைக் கூட்டிட்டுப் போகும்போது இந்தத் தூரமே பெரிய கவலைதான். ஆனால் அதைவிட அதிக நேரம் வீணாவது, "உடம்பு சூடு, மோர் குடிச்சா சரியாயிடும்" என வீட்டிலேயே காத்திருப்பதில்.

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல்... இவற்றில் எங்கு ரத்தம் கசிந்தாலும் காபித்தூள் போன்ற வாந்தியாகவோ, நாற்றமடிக்கும் கறுப்பு மலமாகவோ வெளியேறலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். ஆனா கூடவே தலைசுற்றல், வியர்வை இருந்தா உடனே கிளம்புங்க.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கித் தினமும் போடும் வலி மாத்திரை, ஹெச்.பைலோரி கிருமி இரண்டுமே அல்சரை உண்டாக்கும். குடியால் கல்லீரல் கெட்டால் உணவுக்குழாய் ரத்தநாளங்கள் புடைத்து வெடிக்கும்.

மருத்துவமனையில் முதலில் டிரிப்ஸ், தேவைப்பட்டால் ரத்தம். நிலைமை சீரானதும், பொதுவாக 24 மணி நேரத்துக்குள், வாய் வழியாகக் கேமரா குழாய் போகும். அல்சர் என்றால் அதைச் சுற்றி நீர்த்த அட்ரினலின் ஊசி. அது மட்டும் போதாது. கூடவே கிளிப் மாட்டுவார்கள், இல்லையேல் சூடு வைத்து அடைப்பார்கள். புடைத்த நாளம் என்றால் கதையே வேறு. அதை உறிஞ்சி இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். சில நாட்களில் நாளம் சுருங்கி, பேண்டும் தானாக விழுந்துவிடும்.

அல்சரில் முதல் 72 மணி நேரம் மறுபடி கசியும் வாய்ப்பு அதிகம். "நல்லாத்தானே இருக்கேன்" என்று டிஸ்சார்ஜ் கேட்காதீங்க.

108-க்கு போன் செய்த பிறகு சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. இதயத்துக்குப் போடும் ஆஸ்பிரினை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை டாக்டர் சொல்வார்.