துண்டு போட்டு இடம் பிடிக்கும் மூலிகை

ஏரிக்கரையில் பறித்த காளானைத் தின்று வாந்தி எடுப்பவருக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கலாமா என்று இரும்புலியூர் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கூடாது. ஆனால் அசட்டுக் கேள்வி இல்லை இது. கொடிய காளான் விஷத்துக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஏற்றும் மருந்துகளில் ஒன்று மூலிகையிலிருந்து வந்ததுதான்.

மத்தியதரைக் கடலோரத்து முட்செடி அது. ஊதாப் பூ, இலை நரம்பெல்லாம் வெள்ளை. நம் மருந்துக் கடைகளில் ஈரல் மாத்திரையாக விற்கும் சிலிமாரின் அதன் விதைச் சத்து. அதில் முக்கியமானது சிலிபினின்.

அமனிடா வகைக் காளான்கள் சிலவற்றில் உள்ள அமடாக்சின், கொதிக்க வைத்தாலும் போகாது. ஈரல் செல்லுக்குள் நுழைந்து, புரதம் தயாரிக்கும் வேலையையே முடக்கிவிடும். நுழைய அதற்கு ஒரு வாசல் வேண்டும். பித்த உப்புகளை உள்ளே எடுத்துக்கொள்ளும் வாசலையே அது பயன்படுத்திக்கொள்கிறது. சிலிபினின் முந்திக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. தாம்பரத்தில் புறப்படும் மின்சார ரயிலில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, நானும் எத்தனையோ நாள் அதனால் நின்றுகொண்டே போயிருக்கிறேன், அதே வேலைதான். இதில் இன்னொரு விசேஷம்: ஈரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்கு இறங்கும் விஷம், மறுபடி இரத்தத்தில் கலந்து ஈரலுக்கே திரும்பி வரும். அதனால் சற்றுத் தாமதமாகப் போட்ட துண்டுக்கும் பலன் உண்டு. ஆனால் சிலிமாரின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. விதையைக் கஷாயம் வைத்துப் பயனில்லை. கரையும்படி மாற்றி நரம்பில் ஏற்றுகிறார்கள். அதுவும் பிற சிகிச்சைகளோடு சேர்த்துத்தான்.

கீழாநெல்லிக்கு வருவோம். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் அதை ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கண்டதாக லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூலிகைக்குச் செய்யும் மரியாதை இப்படிச் சோதித்துப் பார்ப்பதுதான். வாட்ஸ்அப்பில் பரப்புவது அல்ல. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாம் இன்னும் வாய்மொழியை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

வாய்மொழி எப்படிப் பேர் வாங்குகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மழைக்குப் பின் புல்தரையில் விரியும் வெள்ளைக் குடைக்காளான் ஒன்று உண்டு. அதன் குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால், காலையில் மங்கிய பச்சைத் தூள் படிந்திருக்கும். தின்றவருக்குச் சில மணி நேரத்திலேயே வாந்தி பேதி. பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவார்கள். நடுவில் குடித்த கஷாயம் பேரைத் தட்டிக்கொண்டு போகும்.

அமடாக்சின் அப்படி இல்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டுத்தான் வாந்தி தொடங்கும். மறுநாள் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஈரல் கெட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள்.

காட்டுக் காளான் தின்று வாந்தி வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சட்டியில் மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துப் போங்கள்.