மாநிறத்தில் மிளிரும் இமைப்பொடி

கண்ணிமைக்குப் பூசும் வண்ணப்பொடிகளில், அடியிலுள்ள தோலின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகவும் ஒளி படும்போது மட்டும் மின்னுவதாகவும் அமைந்த வகை ‘ஷிம்மர்’ ஐஷேடோ எனப்படுகிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங் முதலிய தெருக்களைக் கொண்ட லிட்டில் இந்தியாவில், தீபாவளிக்கும் திருமணத்துக்கும் புடவையும் வளையலும் எடுக்க வரும் பெண்கள் இதையும் சேர்த்தே வாங்கிச் செல்கின்றனர். பயன்படுத்துவோர் பெரும்பாலும் சொல்லும் குறைகள் இரண்டு: பெட்டியில் பொன்னாகத் தெரிந்த பொடி இமையில் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிவிடுகிறது என்பது ஒன்று; வீட்டில் பூசியது மண்டபத்துக்குப் போய்ச் சேருவதற்குள் இமை மடிப்பில் கோடாகத் திரண்டுவிடுகிறது என்பது மற்றொன்று. முதற்குறைக்குத் தம் மாநிறமே காரணம் என்று பலர் கருதினாலும், மினுக்கம் உண்டாகும் முறையை நோக்கினால் உண்மை அதற்கு நேர்மாறானது என்பது விளங்கும்.

இப்பொடியின் அடிப்படைப் பொருள் மைக்கா. அதாவது, ஏடு ஏடாக உரியும் இயல்புடையதும் காக்காப்பொன் என வழங்குவதுமான கனிமம். அதை நுண்ணிய செதில்களாக்கி, ஒளியை மிகுதியாக வளைக்கும் டைட்டேனியம் டையாக்சைடை அவற்றின்மேல் மெல்லிய படலமாகப் படியச் செய்கின்றனர். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டு மீளும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடுகையில் சில நிறங்கள் வலுப்பெறவும் சில நிறங்கள் மறையவும் காண்கிறோம். இதனை இயற்பியலார் குறுக்கீட்டு விளைவு என்பர். ஆகவே சாயம் எதுவும் சேர்க்காமல், படலத்தின் தடிமனை மாற்றியே நிறத்தை மாற்ற இயலும். ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர் எனப்படும். படலம் ஏறத்தாழ 40 முதல் 60 நானோமீட்டர் வரை இருந்தால் வெள்ளிநிறமும், தடிமன் கூடக் கூடப் பொன், சிவப்பு, நீலம், பச்சை என்னும் வரிசையில் பிற நிறங்களும் தோன்றும்.

செதில் திருப்பி அனுப்பாத ஒளி அதை ஊடுருவித் தோலை அடைகிறது. தோல் வெளிறியதாயின் அவ்வொளியும் மீண்டு வந்து, மேலே தோன்றிய நிறத்தோடு கலந்து அதை மங்கச் செய்யும். கருமை மிக்க தோலோ அதன் பெரும்பகுதியை உட்கொண்டுவிடுவதால், செதில் காட்டும் நிறம் கலப்பின்றிப் புலப்படும். இவ்வகைப் பொடிகளைச் சோதிப்போர் கறுப்பும் வெள்ளையுமான அட்டையில் பூசி ஒப்பிடுவது இந்த வேறுபாட்டைக் காண்பதற்கே. எனவே மெல்லிய மினுக்கத்துக்கு மாநிறமும் கருநிறமும் ஏற்ற பின்புலங்களே ஆகும். சாம்பல் தோற்றத்துக்குக் காரணம், பொடியின் பருமனைக் கூட்டச் சேர்க்கப்படும் டால்க், கயோலின் என்னும் வெண்களிமண் போன்ற நிரப்பிகள் ஒளியை எத்திசையும் சிதறடிப்பதாகும். இரும்பு ஆக்சைடு பூசிய செதில்கள் தமக்கென நிறமும் உடையவை ஆதலால், அவற்றால் அமைந்த செம்பு, வெண்கல வகைகளில் இவ்வெளிறல் குறைவாகவே தோன்றும்.

இரண்டாம் குறைக்குத் தட்பவெப்பமும் துணைபோகிறது. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டியோ கடந்தோ நிற்க, காற்றில் ஈரமும் மிகுந்திருக்கும் பினாங்கில், வியர்வையும் தோலின் எண்ணெயும் பொடியை இளக்க, ஒவ்வொரு இமைப்பிலும் அது மடிப்பை நோக்கித் தள்ளப்படுகிறது. பொடிக்கு முன் பூசும் பற்றுப்பூச்சான பிரைமரை மிக மெல்லியதாக இட்டு, அது உலர்ந்தபின் பொடியைச் சிறிதளவே எடுத்து விரல்நுனியால் ஒற்றுவது பயனளிக்கும். ஒற்றும்போது செதில்கள் தோலோடு படிந்து கிடப்பதால் ஒளி ஒரே திசையில் மீளும். தூரிகையால் தூவினால் அவை பல கோணங்களில் நின்று மினுக்கத்தைக் குறைப்பதோடு கன்னத்திலும் உதிரும். நாற்புறமும் பரவும் குழல்விளக்கொளியில் மங்கித் தெரியும் மினுக்கம், ஒரு திசையிலிருந்து பாயும் வெயிலிலும் வீடியோ விளக்கிலும் பன்மடங்காகும் என்பதால், நிகழ்ச்சிக்கேற்ற ஒளியில் பார்த்தே அளவை முடிவு செய்தல் வேண்டும்.

நெகிழிப் படலத்தை வெட்டிச் செய்யும் கிளிட்டர், மைக்காப் பொடியினின்று வேறானது. அதன் துகள்கள் பெரியவை, விளிம்பும் கூரியது. கைவினைக்கென விற்கப்படும் கிளிட்டர் கண்ணில் விழுந்தால் கருவிழியைக் கீறக்கூடும். தொடுவில்லை அணிவோர் அதை அணிந்த பின்னரே ஒப்பனை செய்வதும், கடைகளில் பலர் தொட்ட மாதிரிப் பொடியை இமையில் இடாமல் முன்கையில் பூசிப் பார்ப்பதும் நல்லது. மலேசியாவில் 2008 முதல் ஒப்பனைப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமைக்கு அறிவிப்பது கட்டாயம். அவ்வாறு அறிவிக்கப்பட்டதா என்பதை அம்முகமையின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். வாங்குவோர் தம் நிறத்தைக் குறைகூறுவதை விடுத்து, பொடியின் உட்பொருளையும் பூசும் முறையையும் ஆராய்ந்தால் இரு குறைகளும் பெருமளவு நீங்கும்.